ஷெல்லில் போன செவி பிள்ளைக்கும் போகுமா? கருவில் உட்செவி உருவாகும் விதம்

இலங்கையின் வன்னியில் இப்போது கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்குகளுக்கு வரும் பெண்களில் பலர் போர் முடிந்த 2009இல் சிறுமிகள். அருகில் ஷெல் வெடித்து ஒரு காது மந்தமானவர்களும், கிபிர் விமானம் குண்டு போட்ட நாளிலிருந்து காதுக்குள் இரைச்சல் ஓயாதவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். உயர்தர வகுப்பில் என்னிடம் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் தங்கள் அக்காமாருக்காக, அண்ணிமாருக்காகத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தாய்க்குக் காது கேட்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்கும் கேட்காதா, சேர்?"

ஷெல்லில் போன செவி பிள்ளைக்குப் போகாது. இது மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஏன் போகாது என்று பார்க்கத் தொடங்கினால் இன்னும் இரண்டு கேள்விகள் கூடவே வரும். அந்தத் தாய் இழந்த கேட்கும் திறன் ஏன் இத்தனை ஆண்டுகளாகியும் திரும்பவில்லை? நன்றாகக் கேட்கும் தாய் தகப்பனுக்கு ஏன் சில வேளைகளில் காது கேளாத பிள்ளை பிறக்கிறது? கருவில் காது கட்டப்படும்போது எந்த மரபணு எந்த இடத்தில் எந்த நாளில் வேலை செய்கிறது என்று தெரிந்தால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

உடலின் ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். புரதம் செய்வதற்கான மரபணுக்கள் அதில் சுமார் 20,000 உள்ளன. காதுக்குள் இருக்கும் கலத்தில் உள்ள அதே மரபணுக்கள் குதிக்கால் தோலின் கலத்திலும் இருக்கின்றன. ஆனால் ஒரு கலம் அவை எல்லாவற்றையும் பயன்படுத்துவதில்லை. ஒரு மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படி எடுக்கப்பட்டு, அந்தப் படியின்படி புரதம் செய்யப்பட்டால் அந்த மரபணு அந்தக் கலத்தில் வெளிப்படுகிறது என்கிறோம். படி எடுக்கப்படாத மரபணு அங்கே இருந்தும் இல்லாதது போலத்தான்.

இரணைமடுவின் நீரை நம்பி வயல் செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குளம் ஒன்றுதான். எந்தத் துருசு எந்தக் கிழமை திறக்கிறது என்பதில்தான் எந்த வயல் விளையும் என்பது இருக்கிறது. கதிர் பால்பிடிக்கும் நாளில் வராத நீர் அறுவடை நாளில் வந்தால் நட்டம் இரட்டிப்பு. ஒரே ஒரு வேறுபாடு: கருவில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் என்று எவரும் இல்லை, சிறுபோகக் கூட்டமும் கூடுவதில்லை. ஒரு மரபணு செய்த புரதமே போய் டி.என்.ஏ.யில் ஒட்டி அடுத்த மரபணுவைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. பக்கத்துக் கலம் வெளியே விடும் புரதமும் இதே வேலையைத் தூண்டும். முழு உடலும் இப்படித்தான் கட்டப்படுகிறது. காது அதற்கு மிக அழகான எடுத்துக்காட்டு என்பது என் கட்சி. இதயம் படிப்பிப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இவற்றில் பெரும்பகுதியை நாம் அறிந்தது சுண்டெலியிலிருந்து. ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ. முளையத்தின், அதாவது தொடக்கநிலைக் கருவின், எந்த மூலையில் இருக்கிறது என்பதைச் சாயமேற்றிப் பார்க்க முடியும். அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலியை உருவாக்கி, அதன் காதில் எது இல்லாமல் போகிறது என்றும் பார்க்க முடியும். சுண்டெலியின் உட்செவியும் நம்முடையதும் அமைப்பில் மிக நெருங்கியவை.

காதின் தொடக்கத்தைப் பார்த்தால் அது காது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். கருக்கட்டி மூன்று கிழமை கழிந்த வேளை, ஏறத்தாழ 22ஆம் நாள். மாதவிடாய் ஒரு கிழமை தள்ளிப்போயிருக்கும்; பல பெண்களுக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். அந்த நாளில், பின்மூளையாக வளரப்போகும் பகுதியின் இரு பக்கங்களிலும், முளையத்தின் மேற்தோலாக இருக்கும் படையில் ஒரு சின்ன இடம் தடிக்கிறது. இதைச் செவித் தட்டு என்பார்கள். தட்டு உள்நோக்கிக் குழிகிறது, விளிம்புகள் கூடி மூடுகின்றன, மேற்படையிலிருந்து அறுந்து ஒரு பை உள்ளே போகிறது. ஒரு கிழமைக்குள் இவ்வளவும் முடிந்துவிடும். ஒலியைப் பிடிக்கும் நத்தைச்சுருள், தலை திரும்புவதை உணரும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள், சமநிலைக்கான இரு சிறு பைகள், இவற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புக்கலங்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தச் செவிப்பையிலிருந்துதான் உருவாகின்றன. மூக்கிலும் கன்னத்திலும் தோலாகப் போகும் அதே படையின் ஒரு துண்டு இது.

அந்தத் துண்டுக்கு மட்டும் யார் சொன்னது? அயலவர்கள். சுண்டெலியில், அடியில் இருக்கும் இழையம் எவ்.ஜி.எவ்.10 என்ற புரதத்தை வெளிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் பின்மூளை எவ்.ஜி.எவ்.3 என்பதை வெளிவிடுகிறது. இந்த இரண்டு மரபணுக்களும் இல்லாத சுண்டெலியில் செவிப்பையே உருவாகவில்லை என்று 2003இல் காட்டினார்கள். மனிதரிலும் சான்று உண்டு. எவ்.ஜி.எவ்.3 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதான சில குழந்தைகள் உட்செவியே இல்லாமல் பிறக்கிறார்கள். அவர்களுக்கு வெளிக்காது மிகச் சிறியது, பற்களும் சிறியவை. பல்லுக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு அந்த மரபணு மட்டுமே: அது இரண்டு இடங்களில், வெவ்வேறு காலங்களில் வெளிப்படுகிறது. இ.வை.ஏ.1 என்ற இன்னொரு மரபணு காதிலும் சிறுநீரகத்திலும் வேலை செய்கிறது. அதனால்தான் கழுத்தின் பக்கத்தில் சிறு துளையோடும் கேளாமையோடும் வரும் குழந்தைக்குச் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். காதுக்குப் போனால் வயிற்றை ஏன் பார்க்கிறார்கள் என்று முணுமுணுக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்.

எவ்.ஜி.எவ். சொன்னதைக் கேட்ட கலங்களில் பாக்ஸ்2, பாக்ஸ்8 என்ற மரபணுக்கள் திறக்கின்றன. பிறகு பை உருண்டையாக மிதக்கிறது. உருண்டைக்கு மேல் எது, கீழ் எது? மேலே, பின்மூளையின் முதுகுப் பக்கத்திலிருந்து டபிள்யூ.என்.டி. குடும்பத்துப் புரதங்கள் வருகின்றன. கீழே, முதுகுநாண் என்ற, முளையத்தின் நடுவே நீளமாக ஓடும் தண்டிலிருந்து சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற புரதம் வருகிறது. (வீடியோ விளையாட்டில் வரும் நீல நிற முள்ளெலியின் பெயர்தான், பெயர் வைத்தவர்கள் இளைஞர்கள்.) இரண்டும் தூரம் கூடக்கூடச் செறிவு குறையும். ஒரு கலத்துக்கு எது எவ்வளவு கிடைக்கிறது என்பதே அதன் முகவரி. மேலிருந்து அதிகம் பெற்ற கலங்களில் டி.எல்.எக்ஸ்.5 போன்ற மரபணுக்கள் வெளிப்பட்டு, அந்தப் பகுதி அரைவட்டக் கால்வாயாகிறது. கீழிருந்து அதிகம் பெற்ற பகுதியில் பாக்ஸ்2 தொடர்ந்து நின்று, அது நத்தைச்சுருளாக நீள்கிறது. பாக்ஸ்2 இல்லாத சுண்டெலியில் சமநிலை உறுப்புகள் இருக்கின்றன, நத்தைச்சுருள் சரியாக உருவாவதில்லை. பையின் ஒரு பக்கத்தில் நியூரோஜெனின்1 திறந்த கலங்கள் பையை விட்டு வெளியேறிச் செவிநரம்பின் கலங்களாகின்றன. இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் நம் கேள்விக்கான விடை நத்தைச்சுருளுக்குள்தான் இருக்கிறது.

நத்தைச்சுருள் கீழ்நோக்கி ஒரு குழாயாக வளர்ந்து சுருள்கிறது. மனிதரில் சுமார் இரண்டரைச் சுற்று. நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர். குழாயின் தரையில் ஓர் ஒடுங்கிய நாடா போலச் சில கலங்களில் சொக்ஸ்2 என்ற மரபணு திறக்கிறது. இந்த நாடாதான் பின்னர் கோர்ட்டியின் அங்கம் ஆகிறது. 1851இல் அதை விவரித்த இத்தாலியரான அல்போன்சோ கோர்ட்டியின் பெயர். அதற்குள் ஒலியை மின்செய்தியாக மாற்றும் மயிர்க்கலங்கள் நிற்கின்றன. ஒரு காதில் உள்வரிசை ஒன்று, சுமார் 3,500 கலங்கள். வெளிவரிசைகள் மூன்று, சுமார் 12,000. கண்ணின் ஒளியுணர் கலங்கள் கோடிக்கணக்கில் இருக்க, காது இந்தப் பதினையாயிரத்தை வைத்துக்கொண்டே வாழ்நாளைக் கடத்துகிறது.

இவை எப்படி இவ்வளவு ஒழுங்காக வரிசையில் வருகின்றன? முதலில் நாடாவின் கலங்கள் பெருகுவதை நிறுத்த வேண்டும். பி27 என்ற மரபணு திறந்ததும் கலப்பிரிவு நிற்கிறது. இந்த நிறுத்தம் சுருளின் நுனியில் தொடங்கி அடி நோக்கிப் போகிறது. அடுத்த கட்டளை, அதாவது 'மயிர்க்கலமாக மாறு' என்பது, நேரெதிராக அடிப்பக்கத்தில் தொடங்கி நுனி நோக்கிப் போகிறது. அடியில் இருக்கும் கலம் கடைசியாகப் பெருகுவதை நிறுத்தி உடனேயே மாறத் தொடங்குகிறது. நுனியில் இருக்கும் கலம் முதலில் நிறுத்திவிட்டு நாட்கணக்கில் காத்திருக்கிறது. ஏன் காத்திருக்கிறது? பக்கத்தில் குடிபோன நரம்புக்கலங்கள் அதே சொனிக் ஹெட்ஜ்ஹொக்கை வெளிவிட்டு அதைப் பொறுத்திருக்க வைக்கின்றன. ஆரம்பத்தில் 'கீழே எது' என்று காட்டிய புரதம் இப்போது 'இன்னும் வேண்டாம்' என்கிறது. பி27 இல்லாத சுண்டெலியில் கலங்கள் நிற்காமல் பெருகி, மயிர்க்கலங்கள் அளவுக்கு மேல் உருவாகின்றன. அந்தச் சுண்டெலிக்குக் காது இன்னும் கூர்மையாகக் கேட்கும் என்று வகுப்பில் எப்போதும் யாராவது சொல்வார்கள். அதற்குக் காது கேளாது. வரிசை கலைந்தால் எண்ணிக்கையால் பயனில்லை.

'மயிர்க்கலமாக மாறு' என்ற கட்டளையைத் தருவது அட்டோ1 என்ற மரபணு. மரபியலாளர் ஹுடா சோக்பியின் ஆய்வுக்கூடம் 1999இல் இதைக் காட்டியது: அட்டோ1 இல்லாத சுண்டெலியின் உட்செவியில் ஒரு மயிர்க்கலம்கூட இல்லை. நத்தைச்சுருள் இருக்கிறது, கால்வாய்கள் இருக்கின்றன. கேட்பதற்கான கலம் மட்டும் இல்லை. பழ ஈயிலும் இதன் ஒத்த மரபணு உண்டு, ஈயின் உணர்கொம்பில் ஒலி உணரும் உறுப்பை அது உருவாக்குகிறது. 2002இல் அதே ஆய்வுக்கூடம் சுண்டெலியின் அட்டோ1 இருந்த இடத்தில் ஈயின் மரபணுவை வைத்துப் பார்த்தது. சுண்டெலிக்கு மயிர்க்கலங்கள் வந்தன. ஈக்கும் எலிக்கும் பொது மூதாதை இருந்தது 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பாவது இருக்கும். இதைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர்கூச்செறிகிறது. பரீட்சைக்கு வராத பகுதி என்பதால் பிள்ளைகளுக்கு அவ்வளவாக இல்லை.

நாடாவில் எல்லாக் கலங்களும் அட்டோ1ஐத் திறந்துவிட்டால் தாங்கிப் பிடிக்கக் கலம் இருக்காது. அதைத் தடுப்பது நொட்ச் என்ற ஏற்பாடு. அட்டோ1 சற்று முன்னதாகத் திறந்த கலம் தன் மேற்பரப்பில் டெல்டா, ஜாகெட் போன்ற புரதங்களை நீட்டுகிறது. அவை பக்கத்துக் கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் நொட்ச் புரதத்தைத் தொடுகின்றன. தொடப்பட்ட கலத்தில் எச்.ஈ.எஸ்.5 போன்ற மரபணுக்கள் திறந்து, அதன் அட்டோ1ஐ அடக்கிவிடுகின்றன. அந்தக் கலம் மயிர்க்கலமாக மாறாமல் தாங்கிக்கலமாகிறது. ஒவ்வொரு மயிர்க்கலத்தைச் சுற்றியும் தாங்கிக்கலங்கள் நிற்கும் ஒழுங்கு இப்படிக் கிடைக்கிறது. மேலிருந்து யாரும் வரைபடம் போடவில்லை. பிறகு மயிர்க்கலங்களுக்குள்ளும் பிரிவு வருகிறது: டி.பி.எக்ஸ்.2 இருந்தால் உள்வரிசைக் கலம், இல்லாவிட்டால் வெளிவரிசைக் கலம். இது 2022இல்தான் தெளிவானது. உள்வரிசை மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. வெளிவரிசை ஒலிக்கு ஏற்ப நீண்டு சுருங்கி அதைப் பெருக்கிக் கொடுக்கிறது.

மனிதக் கருவில் மூன்றாம் மாத அளவில் மயிர்க்கலங்கள் தோன்றத் தொடங்குகின்றன. ஐந்தாம் மாதத்தில் நத்தைச்சுருள் பெரியவர்களுடைய அளவை எட்டிவிடுகிறது. பிறந்த பிறகு அது வளர்வதில்லை. ஆறாம் மாதமளவில் கரு ஒலிக்கு அசைகிறது.

பிறகு மூடல். வேலை முடிந்ததும் அட்டோ1 படிப்படியாக ஓய்கிறது. தாங்கிக்கலங்களில் பி27 ஓயாமல் நின்று பெருக்கத்தைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. முலையூட்டிகளில் அந்தக் கதவு பிறகு தானாகத் திறப்பதில்லை. கோழிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பேரொலியால் மயிர்க்கலங்களை இழந்த பறவையில் தாங்கிக்கலங்கள் மீண்டும் பெருகி, அட்டோ1ஐத் திறந்து, புதிய மயிர்க்கலங்களைத் தருகின்றன என்று 1988இல் கண்டார்கள். முள்ளிவாய்க்காலில் வெடியோசையால் செவிடாகிப் பிழைத்த கோழி ஒன்று இருந்திருந்தால், அடுத்த மழைக்குள் அதற்குக் காது திரும்பியிருக்கும். அதன் சொந்தக்காரருக்குத் திரும்பவில்லை.

இனிக் கேள்விகளுக்கு வருவோம். வெடிப்பின் அழுத்த அலை செவிப்பறையைக் கிழிக்கலாம். அது பெரும்பாலும் ஆறும், ஆறாவிட்டாலும் சத்திரசிகிச்சை உண்டு. நிரந்தரமாகப் போவது மயிர்க்கலங்களும் அவற்றின் நரம்புத் தொடுப்புகளும். போனவை தாயின் காதுக்குள் இருந்த கலங்கள். அவளுடைய சூலகத்தில் இருக்கும் முட்டைகளின் மரபணுக்களை அது தொடவில்லை. அந்த முட்டைக்கலங்கள் அவள் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவாகத் தொடங்கியவை. பிள்ளையின் காதை அட்டோ1 புதிதாகக் கட்டுகிறது. அம்மாவின் காது எந்த நிலையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுச் செவி மந்தமானவர்களுக்கும் பெரும்பாலும் இதேதான். கிரகணத்தன்று வெளியே போனதாலும் கருவில் காது கெடுவதில்லை. மாமியார் என்ன சொன்னாலும் சரி.

கெடுப்பவை வேறு. ருபெல்லா என்ற ஜேர்மன் சின்னமுத்து, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால், சரியாக இந்தக் கட்டுமான நாட்களில் வைரஸ் உள்ளே நுழைகிறது. அந்நோயால் குழந்தைகளுக்குக் கண்புரை வருவதை 1941இல் அவுஸ்திரேலியாவில் நோர்மன் கிரெக் கண்டார். கேளாமையும் வருவது சில ஆண்டுகளில் தெரிந்தது. இலங்கையில் தடுப்பூசியால் ருபெல்லா ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2020இல் உறுதிப்படுத்தியது. அதற்காக ஊசியை விட்டுவிடலாம் என்று பொருளில்லை. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை இன்னொன்று. அது உயிர்ச்சத்து ஏயின் உறவு. காதைக் கட்டும் மரபணுக்களில் பல இந்த வகைப் பொருளின் அளவைப் பார்த்தே திறக்கின்றன, ஆகவே அளவு கூடினால் வெளிக்காதும் உட்செவியும் உருக்குலையலாம். கர்ப்பம் தரிக்கக்கூடியவர்கள் டொக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

நன்றாகக் கேட்கும் இருவருக்குக் கேளாத பிள்ளை பிறப்பது பெரும்பாலும் பின்னிடைவான விகாரத்தால். ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள். ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆகவே தாய்க்கும் தகப்பனுக்கும் ஒன்றும் தெரியாது. இருவரிடமும் அதே மரபணுவில் பழுது இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டு பழுதான பிரதிகளும் சேரும். இவ்வகையில் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவது ஜி.ஜே.பி.2 மரபணுவின் பழுது. அது செய்யும் கொனெக்சின் 26 என்ற புரதம் தாங்கிக்கலங்களுக்கு இடையே பொற்றாசியம் முதலியவை கடந்துபோகும் வழியாக அமைகிறது. 226 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் அது. இந்தியாவில் அடிக்கடி காணப்படும் விகாரத்தில் 24ஆவது அமினோ அமிலத்துக்குரிய இடத்தில் 'நிறுத்து' என்ற குறி விழுந்துவிடுகிறது. புரதம் தொடக்கத்திலேயே அறுந்துபோகிறது. மச்சான் மச்சாள் கலியாணம் நம் வழமை. ஒரே பாட்டன் பாட்டி வழியில் வந்த இருவரிடம் அதே பழுது இருக்க வாய்ப்பு கூடுதல். இதற்காகச் சொந்தத்தில் கட்டியவர்கள் எல்லாரும் கலங்க வேண்டியதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் சிறுவயதிலிருந்தே கேளாதவர்கள் இருந்தால், அதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாயை மட்டும் குற்றம் சொல்வதற்கு இதில் எந்த இடமும் இல்லை: பழுது இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் இது நேரும்.

மூடிய கதவை மறுபடி திறக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முயன்றிருக்கிறார்கள். அட்டோ1 மரபணுவை வைரஸில் ஏற்றி மனிதக் காதுக்குள் செலுத்தும் சோதனை 2014இல் தொடங்கியது, எதிர்பார்த்த பலன் தரவில்லை. முதிர்ந்த தாங்கிக்கலத்தில் அட்டோ1 ஒட்டவேண்டிய டி.என்.ஏ. பகுதிகள் பெரும்பாலும் இறுகச் சுருண்டு கிடக்கின்றன, போ4எவ்3, ஜி.எவ்.ஐ.1 போன்ற துணை மரபணுக்களும் வேண்டியிருக்கிறது. வேறொரு பக்கத்தில் வெற்றி கிடைத்திருக்கிறது. ஒட்டோபெர்லின் என்ற புரதத்தின் மரபணு பழுதாகிப் பிறந்த குழந்தைகளில் மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன, நரம்புக்குச் செய்தியைக் கொடுக்க முடியாமல் மட்டும் நிற்கின்றன. சீனாவில் அத்தகைய ஆறு குழந்தைகளின் காதுக்குள் சரியான மரபணுவைச் செலுத்தினார்கள். ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது என்று 2024இல் வெளியிட்டார்கள். கலம் நின்றால் அதற்கு ஒரு மரபணுவைக் கொடுக்கலாம். கலமே இல்லாதபோது எதற்குக் கொடுப்பது?

பிறந்த பிள்ளைக்குக் கேட்கிறதா என்று அறிய வழி இருக்கிறது. வெளிவரிசை மயிர்க்கலங்கள் ஒலியைப் பெருக்கும்போது தாமே மெல்லிய ஒலியை வெளியே விடுகின்றன. 1978இல் டேவிட் கெம்ப் இதைக் கண்டுபிடித்தார். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து அந்த எதிரொலி வருகிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். வந்தால் வெளிவரிசை வேலை செய்கிறது. ஒட்டோபெர்லின் பழுதில் இந்த எதிரொலி வரும், பிள்ளைக்குக் கேட்காது. ஆகவே சந்தேகம் இருந்தால் மூளைவரை செய்தி போகிறதா என்று பார்க்கும் அடுத்த சோதனையையும் கேட்டுச் செய்விக்க வேண்டும். முதற் சோதனை ஒரு மாதத்துக்குள், முடிவு மூன்று மாதத்துக்குள், கருவியோ பயிற்சியோ சைகை மொழியோ ஆறு மாதத்துக்குள் என்பது பொதுவான கணக்கு. வீட்டில் கை தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். தட்டும் கையின் நிழலையும் காற்றையும் உணர்ந்தே பிள்ளை திரும்பிவிடும்.